விசிறி இல்லாமல் ஆறும் கணினி

கையில் இருக்கும் தொலைபேசிக்குள் விசிறி கிடையாது. அதில் படம் பார்க்கிறோம், வீடியோ எடுக்கிறோம், மணிக்கணக்கில் கதைக்கிறோம். முதுகுப்பக்கம் கொஞ்சம் சுடும், அவ்வளவுதான். மேசைக் கணினியைப் போட்டாலோ முதலில் காதில் விழுவது விசிறியின் இரைச்சல். இரண்டுக்குள்ளும் வேலை செய்வது ஒரே வகைச் சிலிக்கன் சில்லுத்தான். ஒன்று விசிறி இல்லாமல் காலம் தள்ளுகிறது. மற்றதன் விசிறி நின்றால் சற்று நேரத்தில் கணினி மந்தமாகி, சிலவேளை தானாகவே அணைந்துவிடுகிறது. ஏன் இந்த வேறுபாடு? மேசைக் கணினியையும் விசிறி இல்லாமல் ஓட்ட முடியுமா?

மாங்கேணி போன்ற ஓர் ஊரில் இந்தக் கேள்விக்கு அவசரம் உண்டு. வாழைச்சேனையிலிருந்து வாகரைக்குப் போகும் திருகோணமலை வீதியில், கிழக்கே கடலை ஒட்டிக் கிடக்கிறது ஊர். ஆண்டு நடுவில் கச்சான் காற்று அனலோடு மணற்புழுதியையும் கொண்டுவருகிறது. ஆண்டுக் கடைசியில் வாடையும் மழையும். இவை இரண்டுக்கும் நடுவே எந்த நாளும் கடற்காற்று. இப்படியான இடத்தில் இரண்டு மூன்று வருடம் ஓடிய கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் எல்லாம் வெளிச்சமாகிவிடும். புரொசசரின் மேல் இருக்கும் விசிறியின் இதழ் ஒவ்வொன்றின் முன்விளிம்பிலும் சாம்பல்நிறக் கரை ஒன்று படிந்திருக்கும். விசிறியைத் தூக்கினால், அடியிலுள்ள அலுமினியத் தகடுகளின் இடுக்குகளை மூடித் தூசி கம்பளியாய்க் கிடக்கும். நகத்தால் கிள்ளினால் ஒரே துண்டாக உரிந்து வரும். பக்கத்தில் திருகாணித் தலைகளில் துரு, செம்புப் பரப்புகளில் பச்சைப் புள்ளி. இவ்வளவையும் உள்ளே இழுத்துவந்தது அந்த விசிறிதான்.

வெப்பம் பிறக்கும் இடம்

கணினி உண்ணும் மின்சாரம் எங்கே போகிறது? புரொசசர் எதையும் தூக்குவதில்லை, நகர்த்துவதில்லை. கோடிக்கணக்கான நுண்ணிய மின்சுவிட்சுகள் அதற்குள் வினாடிக்குப் பல நூறு கோடி முறை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு திறப்பிலும் ஒரு துளி மின்னேற்றம் நிரம்பி வடிகிறது. வடியும்போது அதன் ஆற்றல் வெப்பமாகிறது. கணக்குப் போட்டாலும் சரி, கடிதம் எழுதினாலும் சரி, புரொசசருக்குள் போகும் 65 வாட் மின்சாரம் கடைசியில் 65 வாட் வெப்பமாகத்தான் வெளியே வரும். பழைய 60 வாட் குண்டு மின்குமிழை எரியவிட்டுத் தொட்டவர்களுக்கு அது எவ்வளவு என்று தெரியும். அந்த மின்குமிழுக்கு உள்ளங்கையளவு பரப்பு இருந்தது. புரொசசரின் சில்லுக்கு இருப்பதோ பெருவிரல் நகத்தளவு.

தொலைபேசியின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. அதன் சில்லு நீடித்து உழைக்கும்போது சில வாட்கள் மட்டுமே வெளியிடும்படி கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. அந்தச் சில வாட்டை முதுகுத்தகடும் முகத்திரையும் சேர்ந்து காற்றுக்குக் கொடுத்துவிடுகின்றன. மேசைக் கணினிகளும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தன. 1977 இல் வந்த ஆப்பிள் 2 கணினிக்கு விசிறியே கிடையாது. 1974 இல் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டெனார்ட் தம் சகாக்களுடன் ஒரு விதியைச் சொன்னார். சுவிட்சுகளைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே அளவில் குறைத்துக்கொண்டே போனால், ஒரு சதுர மில்லிமீற்றரில் பிறக்கும் வெப்பம் கூடாது என்பது அதன் சாரம். 2005ஐ ஒட்டி அந்த விதி தளர்ந்தது. சுவிட்சுகள் மேலும் சிறுத்தன, மின்னழுத்தம் மட்டும் கீழே இறங்க மறுத்தது. அணைந்திருக்கும் சுவிட்சின் ஊடாகவும் மின் கசியத் தொடங்கியது. 2004 இல் வந்த இன்டெல் பென்டியம் 4 புரொசசர்களில் சில 115 வாட்டைத் தொட்டன. விசிறிகள் பெருத்ததும் இரைந்ததும் அந்தக் காலத்தில்தான்.

பாகைக் கணக்கு

புரொசசர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. இன்று மேசைக் கணினிகளில் அது பெரும்பாலும் 95 முதல் 100 பாகை செல்சியஸ் வரை. எல்லையை நெருங்கினால் புரொசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்குத் தன் சூடு எப்படித் தெரிகிறது? சில்லுக்குள்ளேயே வெப்பமானிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. சிலிக்கன் சந்தி ஒன்றின் ஊடாகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தினால், அதன் குறுக்கே தோன்றும் மின்னழுத்தம் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும். அந்தக் குறைவை அளந்தால் சூடு தெரிந்துவிடும். கணினித் திரையில் ஒரு சிறு மென்பொருள் காட்டுகிற பாகை எண் இப்படி வருவதுதான்.

இப்போது ஒரு வீட்டுக் கணக்கு. எல்லை 100 பாகை. அறையின் காற்று 32 பாகை. நடுவே 68 பாகை இடைவெளி. அந்த இடைவெளிக்குள் 65 வாட் வெப்பம் சில்லிலிருந்து காற்றுக்குப் போய்ச்சேர வேண்டும். அதாவது ஒரு வாட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் நாம் செலவழிக்கலாம். ஒரு வாட் வெப்பத்தைக் கடத்த எத்தனை பாகை வேறுபாடு தேவை என்ற இந்த அளவுக்கு வெப்பத்தடை என்று பெயர். வெப்பத்தடை குறைந்த வழி நல்ல வழி.

புரொசசரின் மேல் பொருத்தும் குளிர்விக்கும் தகட்டுத்தொகுதியைக் கூலர் என்பார்கள். விசிறியில்லாக் கூலர்களைச் செய்பவர்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு அறையை மனதில் வைத்துத்தான் பேசுவார்கள். அங்கே அறை 20 பாகை என்றால் செலவழிக்க 80 பாகை கிடைக்கும். கச்சான் வீசும் பிற்பகலில் ஓட்டுக்கூரையின் கீழ் 35 பாகை என்றால் நமக்கு மிஞ்சுவது 65 தான். அதே கூலர், அதே புரொசசர். ஆனால் ஊர் மாறியதால் அது தாங்கும் வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பி வாங்க முடியாமைக்கு இதுவே காரணம்.

வெப்பத்தை இழுத்துச்செல்லும் குழாய்

நகத்தளவு இடத்தில் பிறந்த வெப்பத்தை முதலில் பரப்ப வேண்டும். சில்லின் மேல் உலோக மூடி, அதன் மேல் வெப்பப் பசை, அதன் மேல் செம்புத் தளம். எவ்வளவு தேய்த்து மினுக்கினாலும் இரண்டு உலோகப் பரப்புகள் சில புள்ளிகளில்தான் உண்மையாகத் தொடுகின்றன. மற்ற இடங்களில் காற்று சிக்கியிருக்கும். செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறனில் காற்று ஏறத்தாழ 15,000 இல் ஒரு பங்குகூடத் தேறாது. அந்தக் காற்றை வெளியேற்றி இடத்தை நிரப்பத்தான் பசை.

செம்புத் தளத்திலிருந்து தகடுகளின் கடைசி மூலை வரை வெப்பம் போக வேண்டும். வெறும் செம்புக் கம்பியால் அது ஆகாது. பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் தாண்டுவதற்குள் கையிலுள்ள பாகைகளில் பெரும்பகுதி கரைந்துவிடும். இங்கே வருகிறது வெப்பக்குழாய். பார்த்தால் சுண்டுவிரல் தடிப்புக்கும் குறைந்த செம்புக் குழாய்; இருமுனையும் அடைத்திருக்கும். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டிருப்பார்கள். உட்சுவரில் செம்புத் தூளைச் சூடாக்கி ஒட்டவைத்த நுண்துளைப் படை ஒன்று இருக்கும்.

இதன் வேலையைப் புரிந்துகொள்ளப் பிட்டு அவிப்பதை நினைத்தால் போதும். அடியில் பானைத் தண்ணீர் கொதிக்கிறது. ஆவி குழலுக்குள் ஏறுகிறது. குளிர்ந்த மாவில் பட்டதும் மீண்டும் நீராகிறது. நீராகும் அந்தக் கணத்தில், தான் ஆவியானபோது விழுங்கிய வெப்பம் முழுவதையும் மாவிடம் கொடுத்துவிடுகிறது. அடுப்பின் சூடு மாவுக்கு வந்துசேர்ந்த வாகனம் ஆவி. வெப்பக்குழாயின் சூடான முனையில் நீர் ஆவியாகிறது. மறுமுனையில் தகடுகளுக்கு நடுவே அது நீராகி வெப்பத்தை இறக்குகிறது. பிட்டுக்குழலில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. நுண்துளைப் படை அந்த நீரை உறிஞ்சி மறுபடியும் சூடான முனைக்குக் கொண்டுவருகிறது. மோட்டார் இல்லை, அசையும் பாகம் எதுவும் இல்லை. சுற்று ஓய்வதும் இல்லை.

பிட்டுப்பானையில் தண்ணீர் கொதிக்க 100 பாகை வேண்டும். குழாய்க்குள் காற்று இல்லாததால் அழுத்தம் மிகக் குறைவு. அங்கே 40 பாகையிலேயே நீர் ஆவியாகி ஓடத் தொடங்குகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது விழுங்கும் வெப்பம், அதே ஒரு கிராமைப் பனிக்கட்டிச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையானதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். இதை மறைவெப்பம் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தக் கணக்குப்படி 65 வாட்டைச் சுமந்துசெல்ல வினாடிக்கு 0.03 கிராம் நீர்கூடத் தேவையில்லை.

இந்த யோசனைக்கு வயது அதிகம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் ரிச்சர்ட் கோக்லர் 1942 இல் குளிரூட்டலுக்காக இதற்குக் காப்புரிமை கேட்டார். அது அப்படியே கிடந்தது. 1963 இல் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் விண்வெளிக்கான மின்னாக்கியைக் குளிர்விக்கும் வழி தேடியபோது, தனியாக இதே இடத்துக்கு வந்துசேர்ந்தார். வெப்பக்குழாய் என்ற பெயரும் அவர் வைத்ததுதான். 1977 இல் இயங்கத் தொடங்கிய அலாஸ்கா எண்ணெய்க் குழாய்ப்பாதையின் தூண்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வெப்பக்குழாய்கள் நிற்கின்றன. அவற்றின் உள்ளே இருப்பது அமோனியா. தரைக்கடியில் உறைந்திருக்கும் மண் இளகிவிடாமல் அவை காக்கின்றன. வெப்பக்குழாய் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. பழுதான மடிக்கணினி ஒன்றிலிருந்து கழற்றிய வெப்பக்குழாயின் ஒரு முனையைச் சுடுதண்ணீரில் விட்டு மறுமுனையைப் பிடித்துப் பாருங்கள். சில வினாடிகளில் விரலை எடுத்துவிடுவீர்கள். அதே நீளச் செம்புக் கம்பியை அதைவிட எவ்வளவோ நேரம் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

கடைசிச் சில மில்லிமீற்றர்

இவ்வளவு தூரம் விரைந்து வந்த வெப்பம் தகட்டின் விளிம்பில் திகைத்து நிற்கிறது. அங்கே அது காற்றிடம் கைமாற வேண்டும். காற்று மிக மோசமான கடத்தி. விசிறி உள்ள கூலரிலும் இல்லாத கூலரிலும் இதுவரை எல்லாம் ஒன்றே. இரண்டும் பிரிவது இந்த இடத்தில்.

சூடான தகட்டை ஒட்டியுள்ள காற்று சூடேறி, விரிந்து, இலேசாகி மேலே எழும். அதன் இடத்துக்குக் கீழிருந்து குளிர்ந்த காற்று வரும். இலங்கைப் பாடநூல்களில் இது மேற்காவுகை; தமிழ்நாட்டில் வெப்பச்சலனம். ஆனால் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய காற்றுப் படை அவ்வளவு எளிதில் நகர்வதில்லை. அதன் வழியே வெப்பம் கசிந்துதான் வர வேண்டும். 1912 இல் இர்விங் லாங்மியூர் மின்குமிழ் இழைகள் வெப்பத்தை எப்படி இழக்கின்றன என்று ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் அளந்தார். சூடான பரப்பைச் சுற்றிச் சில மில்லிமீற்றர் தடிப்புள்ள அசையாத காற்றுப் போர்வை இருப்பதாக எடுத்துக்கொண்டால் அளவீடுகள் எல்லாம் பொருந்திவந்தன. இழையைச் சுருளாக்கி, வாயு நிரப்பிய புதுவகை மின்குமிழை 1913 இல் அவர் உருவாக்கியது இந்த அறிவைக் கொண்டுதான். 1930 இல் ஷ்மிட், பெக்மான் இருவரும் சூடான செங்குத்துத் தகட்டின் பக்கத்தில் காற்றின் சூட்டையும் வேகத்தையும் மிக நுணுக்கமாக அளந்து, அந்தப் படை எப்படி மேலே போகப்போகத் தடிக்கிறது என்று காட்டினார்கள். இன்று அதை எல்லைப்படை என்கிறோம்.

விசிறி செய்வது இந்த எல்லைப்படையை வேகக்காற்றால் சீவி மெல்லியதாக்குவது மட்டுமே. அது குளிரை உண்டாக்குவதில்லை. விசிறி இல்லாதபோது படை தன் முழுத் தடிப்போடு இருக்கும். அப்போது ஒரு சதுர மீற்றர் பரப்பு, காற்றைவிட ஒரு பாகை கூடுதலாகச் சூடாக இருந்தால், ஏறத்தாழ 5 வாட் மட்டுமே காற்றுக்குப் போகும். தகடுகள் அறையைவிட 30 பாகை சூடாக இருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தாலும், 65 வாட்டைக் கழிக்கக் கிட்டத்தட்ட அரைச் சதுர மீற்றர் பரப்பு வேண்டும்.

இவ்வளவு பரப்பைச் சின்ன இடத்தில் அடைக்கத் தகடுகளை நெருக்கி அடுக்கலாமே? விசிறி உள்ள கூலர்களில் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் இடைவெளிதான். விசிறியைக் கழற்றிவிட்டால் பக்கத்துப் பக்கத்துத் தகடுகளின் எல்லைப்படைகள் ஒன்றோடொன்று முட்டி இடைவெளியை அடைத்துவிடும். காற்று மேலே எழ வழி இருக்காது. இடைவெளியை அகலமாக்கினால் காற்று ஓடும், ஆனால் தகடுகளின் எண்ணிக்கை குறையும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவான இடைவெளி உண்டு. நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த எலன்பாஸ் 1942 இல் இணைத் தகடுகளின் நடுவே காற்று எழும் விதத்தை ஆராய்ந்து வெளியிட்டார். அந்த வழியில் கணக்கிட்டால், ஒரு சாண் உயரமுள்ள தகடுகள் காற்றைவிட 30 பாகை சூடாக இருக்கும்போது நடுவே ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் விடுவது நல்லது.

2021 இல் ஒஸ்திரியாவின் நொக்டுவா நிறுவனம் வெளியிட்ட என்எச்-பி1 என்ற விசிறியில்லாக் கூலரைக் கையில் எடுத்தால் இந்த வரலாறு முழுவதும் அதில் தெரியும். 158 மில்லிமீற்றர் உயரம், 154 அகலம், 152 ஆழம். எடை 1180 கிராம். ஆறு வெப்பக்குழாய்கள். தகடுகள் தடித்தவை, ஒன்றுக்கொன்று தாராளமாக விலகி நிற்பவை. கொரியாவின் நோபேன் நிறுவனம் வேறு வழியில் போனது. மெல்லிய செம்பு வளையங்களை வட்டமாகச் சுற்றிவைத்து 95 வாட் வரை தாங்கும் என்று ஒரு கூலரைச் செய்தது. வடிவம் எதுவானாலும் காற்று கீழிருந்து மேலே தடையில்லாமல் எழ வேண்டும் என்ற நிபந்தனை மாறாது. தகடுகள் படுக்கைவாட்டில் இருந்தால், அல்லது கணினிப் பெட்டியின் மேல்மூடியில் துளை இல்லாவிட்டால், ஒரு கிலோ உலோகமும் வீண். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கூலரின் அடியில் பிடித்தால் புகை எப்படி ஏறுகிறது என்று கண்ணால் காணலாம். தயங்கிப் பக்கவாட்டில் கலைந்தால் பெட்டியைத் திருப்பிவைக்க வேண்டும் என்று அர்த்தம்.

இரைச்சலும் அமைதியும்

மேலைநாடுகளில் விசிறியில்லாக் கணினியைத் தேடியவர்கள் பெரும்பாலும் அமைதிக்காகத் தேடினார்கள். விசிறியின் ஒலி அதன் வேகத்தோடு மிகக் கடுமையாக ஏறும். வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும் என்பது பொறியாளர்களின் விதி. விசிறியே இல்லை என்றால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

இந்த அமைதி, மீன்பாடும் தேன்நாடு எனப்படும் மட்டக்களப்பில் வாழ்கிற நமக்கும் வேண்டியதே. 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், வாவியின் அடியிலிருந்து எழும் ஓசையைத் தாமே கேட்டு எழுதிவைத்தார். நிலாக்கால இரவுகளில் தோணியிலிருந்து துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் ஒற்றிக் கேட்பது ஊர்வழக்கம். அந்த மெல்லிய ஓசையை நீருக்கடி ஒலிவாங்கியால் பதிவுசெய்து ஆராய விரும்பும் மாணவிக்கும், வயதான அண்ணாவியார் ஒருவரின் தென்மோடிக் கூத்துப் பாட்டை வீட்டுத் திண்ணையில் வைத்துப் பதிவுசெய்பவருக்கும் பக்கத்தில் இரையும் கணினி பெரிய எதிரி. பதிந்த பிறகு மென்பொருளால் இரைச்சலை நீக்கலாம். ஆனால் மெல்லிய ஓசையின் ஒரு பகுதியும் அதோடு சேர்ந்து போய்விடும்.

உப்புக் காற்றின் கணக்கு

மாங்கேணிக்கு அமைதியைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. சாதாரணக் கணினிப் பெட்டி விசிறி ஒன்று மணிக்கு 50 கனமீற்றர் காற்றை எளிதாகத் தள்ளும். பத்தடிக்குப் பதின்மூன்றடி அறை, பத்தடி உயரம் என்று வைத்தால் அதன் காற்று மொத்தமும் ஏறத்தாழ 37 கனமீற்றர்தான். முக்கால் மணிக்குள் அறையின் காற்று முழுவதும் கணினியின் வயிற்றுக்குள் போய்வந்துவிடுகிறது. நாளெல்லாம், வருடமெல்லாம். அந்தக் காற்றில் அலை உடையும்போது தெறித்த நுண்ணிய உப்புத் துகள்கள் மிதக்கின்றன.

உப்பு உலர்ந்து கிடக்கும்வரை பெரிய தீங்கு இல்லை. காற்றின் சார்ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் தூய சோடியம் குளோரைட்டு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரையும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டு அதற்கு எவ்வளவோ முன்பே, 33 சதவீதத்திலேயே கரைந்துவிடும். அப்படிப் பார்த்தால் கரையோர வீட்டில் உப்பு ஏறக்குறைய எந்நேரமும் ஈரமாகத்தான் இருக்கும். மின்சுற்றுப் பலகையில் படிந்த உப்பு ஈரமானால் அது மின்கடத்தும் படலம்; நெருங்கிய இரு கம்பிக்கோடுகளுக்கு நடுவே மின்சாரம் கசிகிறது, செம்பு அரிக்கப்படுகிறது. செம்பும் அலுமினியமும் தொட்டிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியம் இன்னும் விரைவாகக் கரையும். நல்ல கூலர்களில் செம்புக்கு நிக்கல் முலாம் பூசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விசிறியை எடுத்துவிட்டால் காற்று வராதா? வரும். 65 வாட்டைச் சுமந்து எழும் காற்று 15 பாகை சூடேறுகிறது என்று கொண்டால், மணிக்கு 13 கனமீற்றர் காற்று ஓடியே ஆக வேண்டும். விசிறியின் கணக்கில் இது கால்வாசி. புரொசசரையே 15 வாட் உள்ளதாகத் தேர்ந்துகொண்டால் 3 கனமீற்றர் போதும். உள்ளே வரும் உப்பைத் தீர்மானிப்பது கடைசியில் வாட்தான்.

மூடிய பெட்டி

வாட் போதுமான அளவு குறைந்தால் இன்னும் ஒரு படி போகலாம். காற்றைப் பெட்டிக்குள் விடவே வேண்டாம். சில்லின் வெப்பத்தை வெப்பக்குழாய்கள் நேராகப் பெட்டியின் தடித்த அலுமினியச் சுவருக்குக் கொண்டுபோகட்டும். சுவரே தகடாகி வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்கட்டும். சுற்றுப் பலகையை உப்புக் காற்று தொடாது.

இது நமக்குப் புதிதல்ல. வாழைச்சேனைத் துறைமுகத்தில் கட்டியிருக்கும் பலநாள் படகுகளில் ஏறிப் பாருங்கள். ஜீபிஎஸ் கருவி, மீன்கூட்டத்தையும் ஆழத்தையும் காட்டும் எதிரொலிக் கருவி எல்லாம் கணினிகளே. நாட்கணக்கில் அலைத்தெறிப்பில் நனைந்தபடி வேலை செய்கின்றன. அவற்றுக்கு விசிறியும் இல்லை, காற்றுத்துளையும் இல்லை. குறைந்த வாட், மூடிய உறை, வெப்பம் வெளியேற உறையின் பரப்பு. கடலில் பிழைத்த இந்த வடிவமைப்புக் கரையிலும் பிழைக்கும். 2007 முதல் ஏழை நாட்டுச் சிறுவர்களுக்கெனத் தயாரான எக்ஸ்ஓ மடிக்கணினியும் விசிறியோ சுழலும் வன்தட்டோ இல்லாமல்தான் செய்யப்பட்டது. இலங்கையின் சில பள்ளிக்கூடங்களிலும் அது பரீட்சித்துப் பார்க்கப்பட்டது.

மூடிய பெட்டியில் இன்னொரு வழியாலும் வெப்பம் போகிறது. சூடான எந்தப் பரப்பும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வீசும். மினுக்கிய அலுமினியம் இதில் படுமோசம். அதே அலுமினியத்தின் மேல் மின்வேதி முறையில் ஒட்சைட்டுப் படை ஏற்றினால் கதிர்வீசல் பல மடங்கு கூடும். இதற்கு ஒட்சைட்டுப் படைதான் காரணம். நிறம் கறுப்பாக இருக்க வேண்டியதில்லை. நெருக்கமான தகடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பதால் கதிர்கள் ஒன்றிலிருந்து மற்றதில் விழுந்து வீணாகும். வெளிச்சுவருக்கு அந்தத் தொல்லை இல்லை. மேற்காவுகை கொடுக்கும் 5 வாட்டோடு கதிர்வீசல் ஏறக்குறைய இன்னொரு 5 வாட்டைச் சேர்க்கும். ஒரு பாடப்புத்தகத்தைவிடச் சற்றுப் பெரிய, நான்கு விரல் உயரமுள்ள பெட்டியின் சுவர் 20 வாட்டை வெளியே விடுவதற்கு அறையைவிடப் பன்னிரண்டு பாகையளவு சூடானால் போதும். 33 பாகை அறையில் 45 பாகை. கை வைக்கலாம்.

விசிறியில்லாமைக்கு ஒரு விலையும் உண்டு. விசிறியின் காற்று புரொசசரை மட்டுமல்ல, சுற்றியிருக்கும் மின்னழுத்தச் சீராக்கிகளையும் மின்கொள்ளளவிகளையும் தடவிக்கொண்டு போகிறது. அது நின்றால் அவை சூடேறும். மின்பகுபொருள் கொண்ட மின்கொள்ளளவியின் ஆயுள் சூடு 10 பாகை கூடும்போது பாதியாகும் என்பது தொழில்முறை மதிப்பீடு. ஆகையால் விசிறியைக் கழற்றி எறிவதால் மட்டும் விசிறியில்லாக் கணினி ஆகிவிடாது. முதலிலிருந்தே வெப்பத்தைக் குறைத்துத் திட்டமிட வேண்டும். கனமான முப்பரிமாண விளையாட்டுக்கும் நீண்ட வீடியோ தொகுப்புக்கும் விசிறி உள்ள கணினியே பொருத்தம்.

வாட் கேட்டு வாங்குவோம்

வெப்பத்தைக் குறைப்பது நாம் நினைப்பதைவிட எளிது. சில்லின் வெப்பம் அதன் வேகத்தோடு ஏறுகிறது. மின்னழுத்தத்தோடு அதைவிடக் கடுமையாக ஏறுகிறது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, அதனால் மின்னழுத்தத்தையும் பத்தில் ஒரு பங்கு குறைக்க முடிந்தால், வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கடிதமும் கணக்கும் இணையமும் பார்ப்பவருக்கு அந்த வேகக்குறைவு தெரியவே தெரியாது. பல மேசைக் கணினிகளின் பயாஸ் அமைப்பிலேயே வாட் எல்லையைக் குறைத்துவைக்க இடம் உண்டு. 2023 இல் வந்த இன்டெல் என்100 போன்ற புரொசசர்களின் பெயரளவு வெப்பமே 6 வாட்தான். பள்ளிக்கூட, அலுவலக வேலைகளுக்கு அது தாராளம். 2020 இல் எம்1 சில்லோடு வந்த ஆப்பிள் மெக்புக் ஏர் விசிறியே இல்லாமல் கனமான வேலைகளையும் செய்து காட்டியது.

மாங்கேணியிலோ பனிச்சங்கேணியிலோ கதிரவெளியிலோ ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கணினி வாங்கும்போது விலைப்பட்டியலின் முதல் வரியில் கிகாஹெர்ட்ஸ் இருக்கும், அடுத்த வரியில் நினைவகம். எத்தனை வாட் என்பதைக் கடைக்காரரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். புரொசசர் 15 வாட்டுக்குள்ளா? வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி உண்டா? மின்வழங்கி விசிறி உள்ள பெட்டியா, மடிக்கணினிக்குப் போல வெளியே வைக்கும் அடாப்டரா? பெட்டி மூடியதா, சுவரே வெப்பத்தை வெளியேற்றுகிறதா? நான்குக்கும் சரியான பதில் கிடைத்தால், அந்தக் கணினி தூசியையும் உப்பையும் உள்ளே இழுக்காது. மின்வெட்டு நேரத்தில் சிறிய மின்கலத்திலும் நெடுநேரம் ஓடும். மாதாந்த மின்கட்டணமும் இறங்கும். 2022 இல் நாளுக்குப் பல மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்டில் இவை சின்ன லாபங்கள் அல்ல.

விலை சற்றுக் கூடலாம். ஆனால் கடலோரப் பள்ளிக்கூடத்துக் கணினியை அது வாங்கிய விலையால் மட்டும் மதிப்பிட்டால் பிழை. எத்தனை வகுப்புப் பிள்ளைகள் அதில் படித்து முடித்தார்கள் என்பதாலும் மதிப்பிட வேண்டும். கேள்விப்பத்திரம் அழைக்கும் அதிபர்களும் பிரதேச செயலக அலுவலர்களும் நன்கொடை அனுப்பும் புலம்பெயர்ந்த உறவுகளும் தங்கள் பட்டியலில் வாட்டுக்கு என ஒரு வரி சேர்த்தால், அடுத்த தொகுதிக் கணினிகள் நம் கடற்காற்றைத் தாங்கும்.